ஈவில் விடுபட்ட பூச்சியம்

அன்பு மகனுக்கு,

இங்கு அம்மாவும் தங்கச்சியும் நலம். பொகவந்தலாவையில் மழை இன்னும் விடவில்லை. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த பிறகு உன்னிடமிருந்து அழைப்பு இல்லை. கடையில் வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ விட்டுச் சென்ற கணிதப் பயிற்சித் தாள்களைப் பார்த்தேன். கேத்திரகணித நிறுவல்களை நீ எழுதியிருக்கும் ஒழுங்கைக் கண்டு பெருமைப்பட்டேன். அவ்வளவு தெரிந்த பிள்ளை வெறும் வகுத்தலில் புள்ளிகளை இழந்திருப்பதுதான் மனதை வருத்துகிறது. பெரும்பாலான இடங்களில் பிழை ஒன்றேதான்: ஈவில், அதாவது வகுத்து வரும் விடையில், வரவேண்டிய பூச்சியத்தை எழுதாமல் விட்டிருக்கிறாய்.

தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கையே எடுத்துக்கொள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும் என்றால், 918 கிலோவுக்கு எவ்வளவு? 4.5இன் தசமத்தை நீக்க அதைப் பத்தால் பெருக்கி 45 ஆக்கும்போது, 918ஐயும் பத்தால் பெருக்கி 9180 ஆக்க வேண்டும்; 4.5ஐ மட்டும் பெருக்கினால் 20.4 என்ற பிழையான விடை வரும். 91இல் 45 இரண்டு தடவை போய் மீதி 1; 8ஐ இறக்கினால் 18; அதில் 45 ஒரு தடவையும் போகாது என்பதால் ஈவில் பூச்சியத்தை இட்டு, அதன் பின்னரே அடுத்த இலக்கத்தை இறக்க வேண்டும். விடை 204. அந்தப் பூச்சியத்தை விட்டால் 24. அவ்வளவு கொழுந்துக்கு 24 கிலோ தூள்தான் என்றால் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் எந்த டீமேக்கரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆகவே, பேனையை எடுக்கும் முன் 900ஐ 4.5ஆல் வகுத்தால் 200 என்று மனதில் மதிப்பிட்டுக்கொள். முடித்த பின் ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி, மீதி இருந்தால் அதையும் கூட்டி, வகுத்த எண்ணே திரும்ப வருகிறதா என்று பார். உன் தாள்களில் ஓரிடத்திலும் இந்தச் சரிபார்ப்பைக் காணவில்லை. அரை நிமிட வேலையை ஏன் விட்டாய்? இன்னோரிடத்தில் 17ஐ 5ஆல் வகுத்து, மீதியான 2ஐ அப்படியே தசமப் புள்ளிக்குப் பின் போட்டு 3.2 என்று எழுதியிருக்கிறாய். மீதிக்குப் பின் பூச்சியம் சேர்த்து 20 ஆக்கி மேலும் வகுத்திருந்தால் 3.4 என்று சரியாக வந்திருக்கும். இங்கும் ஒரு பூச்சியம்தான், மகனே.

கடையில் நாள் முழுவதும் கல்குலேட்டர் உன் கையில் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு அடுத்த முறை தோற்றும்போது அது இருக்காது. சதுரக் கோட்டுக் கொப்பி இரண்டு அனுப்புகிறேன். கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுது. பூச்சியம் விடுபட்டால் அந்தக் கட்டம் வெறுமையாகத் தெரியும். இரவில் சில கணக்குகளாவது செய், பூச்சியத்தை விடாதே. செய்த பக்கங்களைப் படமெடுத்துத் தங்கச்சியின் தொலைபேசிக்கு அனுப்பினால், நான் பார்த்துத் திருத்தி அனுப்புவேன்.

இப்படிக்கு,
அப்பா