நாற்பதாம் நாளுக்குப் பிறகும் வாருங்கள்: போதகர்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களே, சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) உறுப்பினர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்தாரே,

ஸ்தோத்திரம். ஒரு வீட்டில் மரணம் என்றால் நம் தமிழ்ச் சபைகள் முதல் நாளை நன்றாகவே கவனித்துக்கொள்கின்றன. துக்க மணி அடித்த கொஞ்ச நேரத்தில் பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, குழி வெட்ட ஆள் எல்லாம் வந்துவிடும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஓடி ஓடி வேலை பார்ப்பார்கள். குறை அதற்குப் பிறகுதான். எட்டாம் நாளோ, பதினாறாம் நாளோ, நாற்பதாம் நாளோ, அந்தந்த ஊர் வழக்கப்படி ஒரு ஜெபக் கூட்டம் வைத்துச் சாப்பாடு போட்டதும் சபை அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

துக்க வீடுகளுக்குப் போய்வரும் சபை மக்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது இதைத்தான்: உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அடக்க ஆராதனையிலேயே சொல்லித் தீர்த்துவிடப் பார்க்காதீர்கள், ஓராண்டு கூடவே இருந்து சொல்லுங்கள். முதல் சில நாளில் கேட்ட எதுவும் அவர்கள் மனதில் தங்குவதில்லை. தூக்கம் இல்லை, சரியான சாப்பாடு இல்லை, வருகிறவர்கள் எல்லாரிடமும் 'எப்படி ஆச்சு' என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருந்தாளிகள் போய், பிள்ளைகள் வேலைக்குத் திரும்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு மட்டும் எடுத்து வைக்கும் மூன்றாம் மாதத்தில்தான், 'அவரை நான் மறுபடி பார்ப்பேனா? அது நிஜமா?' என்ற கேள்வி முழு பலத்தோடு வருகிறது. அந்த வேளையில் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

அடக்க ஆராதனைப் பிரசங்கத்துக்குப் பத்து நிமிடம் போதும். இறந்தவரின் பெயரையும் வீட்டில் கூப்பிடும் பெயரையும் முன்கூட்டியே குடும்பத்தாரிடம் கேட்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரசங்கி பெயரை மாற்றிச் சொன்னால், அந்த வீடு பல வருடம் கழித்தும் நினைவில் வைத்திருப்பது அதை மட்டும்தான். வசனம் ஒன்று போதும். 1 கொரிந்தியர் 15ஐ எடுத்தால், 'பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்' என்ற 26ஆம் வசனத்தில் நிறுத்திப் பேசுங்கள். பவுல் மரணத்தைச் சத்துரு என்கிறார். அதை நல்லது என்று காட்ட நாம் பாடுபட வேண்டியதில்லை. சத்துரு அடித்துவிட்டான், வலிக்கிறது, கிறிஸ்து அவனை ஜெயித்திருக்கிறார்: இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல்லுங்கள். இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதுக்கு ஓடினால், அழுகிறவர்கள் தங்கள் அழுகையை அவிசுவாசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1 தெசலோனிக்கேயர் 4:13க்கும் இதே கதிதான் நேர்கிறது. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதிருங்கள் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. துக்கப்படவே கூடாது என்று இல்லை. மோசேக்காக இஸ்ரவேலர் முப்பது நாள் அழுதார்கள் என்று உபாகமம் 34 சொல்கிறது.

கூட்டத்தில் பிற மதத்தினர் இருக்கிறார்கள் என்பதற்காக அடக்க ஆராதனையைச் சுவிசேஷக் கூட்டமாக்காதீர்கள். சபைக்குக் கட்டவேண்டிய சந்தா பாக்கியைப் பற்றிய பேச்சை அன்று யாரும் எடுக்கக் கூடாது. மணி அடிப்பதற்கோ கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பதற்கோ அதை நிபந்தனையாக்கினால், அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை கோயில் வாசலை மிதிக்காது. கணக்கை இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

துக்க வீட்டில் பேசுகிற பேச்சுக்கு வருவோம். அதிகச் சேதம் இங்கேதான். 'தேவனுக்கு நல்ல பூக்கள்தான் பிடிக்கும்' என்று பிள்ளையை இழந்த தாயிடம் சொல்கிறோம். தன் பிள்ளையைப் பறித்துக்கொண்டவரிடம் அவள் எப்படி ஜெபிப்பாள்? 'இன்னும் விசுவாசமாய் ஜெபித்திருந்தால் சுகமாகியிருப்பார்' என்பது அதைவிடக் கொடியது. செத்தவர் மேலும் இருக்கிறவர் மேலும் ஒரே வாக்கியத்தில் பழி போடுகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைச் சொல்லி, அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கர்த்தரே கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னார். 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்பது வேதவசனம்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் அதைச் சொன்னது யோபு, தன் வாயால், தன் பிள்ளைகளைக் குறித்து. இழந்தவர் சொன்னால் அது விசுவாச அறிக்கை. நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர் சொன்னால் வாயடைக்கிற வார்த்தை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள்.

என்ன சொல்லலாம்? 'அப்பாவைப் பத்திச் சொல்லுங்க' என்றாலே போதும். அவர் எந்த நாற்காலியில் உட்காருவார், எந்தக் கீர்த்தனையை முணுமுணுப்பார், ஆஸ்பத்திரியில் கடைசியாக என்ன கேட்டார் என்பதெல்லாம் தானாக வரும். குறுக்கே பேசாதீர்கள். நோய் விவரத்தைத் துருவாதீர்கள். எல்.ஐ.சி. பணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். எழுந்திருக்கும்போது ஜெபம் இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது ஜெபத்தில் பேரோடு சொல்லுங்கள்.

சந்திக்க இரண்டு பேர் போனால் போதும். பத்துப் பேர் வேனில் இறங்கினால் துக்க வீட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார், அவரோடு யாரும் பேசியிருக்க மாட்டீர்கள். போன் பண்ணிவிட்டுப் போங்கள், முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். முதல் சந்திப்புக்குப் போன அந்த இரண்டு பேரே வருடம் முழுக்கப் போக வேண்டும். ஆள் மாறினால் கதை முதலிலிருந்து தொடங்கும். அடக்கம் முடிந்த முதல் வாரம், மூன்றாம் வாரம், பிறகு மாதம் ஒரு தடவை. இறந்தவரின் பிறந்தநாளிலும் அவர்களுடைய கலியாண நாளிலும் தனியாக ஒரு தடவை. சாப்பாடு எல்லாரும் முதல் வாரமே கொண்டுபோகிறார்கள், பாதி வீணாகிறது. மூன்றாம் வாரத்தில் ஒரு தூக்கு இட்லி, சாம்பார் பெரிய உதவி.

அந்த மூன்றாம், நான்காம் மாதச் சந்திப்பில் என்ன வாசிப்பது? சங்கீதம் 23 அவர்களுக்கு மனப்பாடம். 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை கேட்கிறான் தாவீது. வசனத்துக்கு வசனம் நிறுத்தி மெதுவாக வாசியுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். இரண்டாம் வசனம் முடிந்ததும் அரை நிமிடம் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் அங்கேதான் அழுகை வரும், வரட்டும். ஐந்தாம் வசனத்தில் 'நம்பிக்கையாயிருக்கிறேன்' என்று வருவதை இன்றைக்குச் சொல்ல முடியாதவர்களிடம், 'இந்த வரியை உங்களுக்காக நாங்க சொல்றோம், நீங்க முதல் இரண்டு வசனத்தைச் சொல்லுங்க' என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் இதே சங்கீதம்தான். என்றைக்காவது ஒரு நாள் ஐந்தாம் வசனத்தையும் அவர்களே வாசிப்பார்கள், அவசரப்படுத்த வேண்டாம். அதுவும் முடியாத அளவுக்கு உடைந்திருந்தால் 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அது ஆறுதல் இல்லாமலே முடிகிறது. 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று முதல் வரியில் கூப்பிடுவது ஒன்றுதான் அதிலுள்ள விசுவாசம். அதுவே போதுமென்று அந்தச் சங்கீதத்தையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

யோவான் 11ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால்' என்று, சகோதரன் லாசருவை இழந்த மார்த்தாளும் மரியாளும் ஒரே முறையீட்டைத்தான் வைக்கிறார்கள். மார்த்தாளிடம் கர்த்தர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளிடம் உபதேசம் எதுவும் இல்லை. அவளோடு கண்ணீர் விடுகிறார். ஒரே வீட்டில் கேள்வி கேட்கிற மகளும் இருப்பாள், பேசவே முடியாத மகளும் இருப்பாள். தேவன் மேல் கோபமாய் இருக்கிறவரைத் திருத்தப் பார்க்காதீர்கள். கோபப்படுகிறவர் இன்னும் அவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

சாவுக்குப் பிறகு புதிதாகச் சபைக்கு வருகிறவர்கள் உண்டு. மனைவி போன பிறகு முதன்முறையாகப் பின்பெஞ்சில் வந்து உட்காரும் கணவர், அம்மாவின் வேதாகமத்தைத் திறந்து பார்க்கும் மகன். இவர்களிடம் ஞானஸ்நானத் தேதி பேச அவசரம் வேண்டாம். துக்கத்தின் அழுத்தத்தில் எடுக்கும் முடிவு, அழுத்தம் குறையும்போது கழன்றுவிடலாம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்; வாரம் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தால் நான்கு மாதத்தில் முடியும். வெறுமையான கல்லறைக்கு முன்னால் பயந்து நிற்கும் ஸ்திரீகளைப் பார்க்கும்போது, தங்கள் பயத்தோடேயே உள்ளே வரலாம் என்று அவர்களுக்கு விளங்கும். 'கிறிஸ்துவை அறியாமல் போன என் அப்பா எங்கே இருக்கிறார்?' என்று கேட்பார்கள். பட்டென்று தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறோம். அந்த நாற்காலி நமக்குரியது இல்லை. 'சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ' என்று ஆபிரகாம் கேட்ட கேள்வியை அவர்களிடம் கொடுத்து, அப்பாவை அந்தக் கையில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் 'தாத்தா தூங்குகிறார்', 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லாதீர்கள். அன்று ராத்திரியே தூங்கப் பயப்படும். 'தாத்தா செத்துட்டார், உடம்பு இனி அசையாது, வலிக்காது. இயேசு அவரை எழுப்புவார்' என்று நேராகச் சொல்லலாம். கல்லறைக்கு வர ஆசைப்பட்டால் கூட்டிவந்து, கைப்பிடி மண் போட விடுங்கள்.

விதவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிறிஸ்தவ வீட்டிலும் கலியாண ஜெபத்தில் விதவையான அம்மா பின்னால் தள்ளப்படுகிறார். பிரசங்கத்தால் இது மாறாது. அடுத்த நிச்சயதார்த்தத்தில் ஆரம்ப ஜெபத்தை ஒரு விதவையிடம் கேளுங்கள், முதல் வரிசையில் உட்கார வையுங்கள். உயிர்த்தெழுதலை நம்புகிற சபைக்குச் சகுனம் எதற்கு?

தற்கொலை நடந்த வீடு. 1662ஆம் வருடத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம், தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்க ஆராதனை முறையைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அதன் நிழல் இன்னும் நம் மேல் கிடக்கிறது: மணி அடிப்பதா, கோயிலுக்குள் கொண்டுவருவதா என்ற பேச்சு அந்தக் குடும்பத்தின் காதில் விழுகிறது. 2017ஆம் வருட மனநலச் சட்டமே, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் கொள்ள வேண்டும் என்கிறது. சபை அதைவிடக் கடினமாக இருக்கலாமா? மணி அடியுங்கள், முழு ஆராதனை நடத்துங்கள். அந்த வீட்டுக்கு மற்ற வீடுகளைவிட அடிக்கடி போங்கள். 'எனக்கும் வாழப் பிடிக்கல' என்று யாராவது சொன்னால் ஜெபித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். 'சாகணும்னு நினைக்கிறீங்களா' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தே பேச வையுங்கள். ஓராண்டு கழிந்தும் சாப்பிட, குளிக்க, வேலைக்குப் போக முடியாத துக்கத்துக்கு மருத்துவரும் வேண்டும். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று மேடையில் யாரையும் சொல்ல விடாதீர்கள்.

காகித வேலைக்கும் ஒருவர் பொறுப்பெடுக்கட்டும். மரணத்தை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கிராமமென்றால் வி.ஏ.ஓ.விடம். இறப்புச் சான்றிதழைப் பத்துப் பிரதி எடுத்துக் கொடுங்கள், வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வரை கூடப் போங்கள்.

முதல் கிறிஸ்மஸ் கடினமானது. துக்க வீடு என்று கேரல் பவனி அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. கேட்காமல் தாண்டாதீர்கள். 'ட்ரம்மும் கிறிஸ்மஸ் தாத்தாவும் இல்லாம நாலு பேர் வந்து ஒரு பாட்டு மட்டும் பாடட்டுமா?' என்று டிசம்பர் தொடக்கத்திலேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், கடந்த ஆண்டு முழுவதும் காத்தார் என்று எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லும்போது அவர்கள் மட்டும் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பார்கள். புத்தாண்டு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை கொடுப்பதற்கு முன்னால், அந்த ஆண்டு இறந்த சபையார் அத்தனை பேரின் பெயரையும் வாசித்து ஒரு நிமிடம் அமைதியாய் நில்லுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளிலும் அதே பட்டியல் வாசிக்கப்படட்டும். பிறந்தவுடன் இறந்த பிள்ளையின் பெயரும், தற்கொலை செய்துகொண்டவரின் பெயரும் அதில் விடுபடக் கூடாது.

இவ்வளவுக்கும் பணம் வேண்டாம், சேகர அலுவலகத்தில் ஒரு நீள நோட்டு போதும். இறந்தவர் பெயர், இறந்த தேதி, பிறந்தநாள், கலியாண நாள், வீட்டில் இருப்பவர்கள், போகவேண்டிய இரண்டு பேர், போன தேதிகள். மாதாந்தரக் கமிட்டிக் கூட்டத்தில் வரவு செலவுக்கு முன்னால் அந்த நோட்டை வாசியுங்கள். போன தேதி எழுதாமல் காலியாக இருக்கும் கட்டத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, அந்த வாரமே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
துக்க வீடுகளுக்குப் போய்வரும் சபை மக்கள்