கூரைக்கு இன்னும் 11,15,000 ரூபாய் வேண்டும்: படிப்பகக் கட்டடக் குழுவின் வேண்டுகோள்

பிள்ளையார் துணை.

ஊரார்க்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் உறவுகளுக்கும் கட்டடக் குழுவின் வணக்கம்.

சுவர் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. சென்ட்ரிங் சாமான் வந்து இறங்கிவிட்டது. அதற்கு நாள் வாடகை 1,400 ரூபாய். ஆவணி முடிவதற்குள் கூரை போட்டாக வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பூசாத சுவர் தை வரை நனையும்.

மொத்த மதிப்பீடு 48,00,000 ரூபாய். வந்தது 36,85,000. கூரைக்கு 5,40,000, சுண்ணாம்புப் பூச்சுக்கு 1,85,000, தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்க 1,98,000, கழிப்பறைக்கும் செப்டிக் டேங்குக்கும் 1,42,000, சாய்தளத்துக்கும் கைப்பிடிக்கும் 50,000. ஆக, குறைவது 11,15,000 ரூபாய்.

நம் ஊருணியை யார் வெட்டினார்கள் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்தார், ஆள் வர முடியாத வீட்டிலிருந்து நெல் வந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். கொண்டுவிக்க, அதாவது பர்மா பக்கம் வியாபாரத்துக்குப் போன குடும்பங்கள் பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். அந்த வீடுகளுக்குக் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், கண்ணாடி போலப் பூசியவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அங்கிருந்து வந்த பணம் நின்றது, கட்டட வேலையும் நின்றது. அந்தக் கைத்தொழில் தெரிந்தவர்களின் பேரன்கள் இன்று காலை 6 மணி பஸ்ஸைப் பிடித்து வெளியூர் வேலைக்குப் போகிறார்கள்.

15 வருடத்துக்கு முன் கட்டிய நம் பொதுக்கூடத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அப்போது குறைந்த விலை கேட்டது யார் என்று மட்டுமே பார்த்தோம். ஆட்கள் வெளியிலிருந்து வந்தார்கள், வேலையை முடித்துப் போய்விட்டார்கள். கைப்பிடி இல்லாத நான்கு படி. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. வருடத்தில் நாலைந்து கல்யாணத்துக்குத் திறக்கிறோம், மற்ற நாளெல்லாம் பூட்டு. அதன் வரவு செலவுக் கணக்கு பைசா பிசகாமல் இருக்கிறது. அந்தக் கட்டடத்தால் ஊரில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், காட்ட ஒரு தாள் கிடையாது.

அதனால் இந்த முறை அஸ்திவாரம் தோண்டும் முன்பே 212 வீடுகளுக்கும் போய்க் கேட்டோம். கல்யாண மண்டபம் கேட்பார்கள் என்று நினைத்தோம். பெண்கள் கேட்டது கழிப்பறையும், சாயங்காலம் உட்கார ஓர் இடமும். வயதானவர்கள், படி ஏறாமல் உள்ளே வர வழி கேட்டார்கள். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க வெளிச்சமான அறை கேட்டார்கள். வரைபடம் அதற்குப் பிறகுதான் போட்டது.

சனிக்கிழமைக் கூலி நோட்டில் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா என்று ஒவ்வொரு நாளுக்கும் எழுதுகிறோம். இதுவரை 1,310 ஆள்நாள் வேலை நடந்திருக்கிறது. அதில் 1,042 நம் ஊருக்கும் பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் வந்தது. சுவர் எலிப்பொறிக் கட்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வீடு வீடாகக் கட்டிக் காட்டிய முறை: செங்கலைப் படுக்கப் போடாமல் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுவது. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வெயிலும் உள்ளே அவ்வளவாக இறங்காது. வேலை கொஞ்சம் நுணுக்கம், கூலி கூடும். கூடட்டும், அந்தக் கூலி நம் தெருவுக்குத்தானே வருகிறது! சித்தாளாக வந்த மூன்று பெண்கள் இந்தக் கட்டு கற்றுக்கொண்டு ஆண் கொத்தனார் வாங்கும் அதே கூலி வாங்குகிறார்கள். அந்த வரியை எழுதும்போது எங்களுக்குக் கண் கலங்கியது.

நோட்டுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தது லண்டனில் கட்டட நிறுவனத்தில் இருக்கும் நம் பிள்ளை ஒருவர். அங்கே 2012இல் ஒரு சட்டம் வந்ததாம். அரசு அமைப்புகள் பொதுச் சேவைகளை ஒப்பந்தம் விடும் முன், விலையோடு அந்த வட்டாரத்து மக்களுக்கு என்ன நன்மை என்பதையும் யோசிக்க வேண்டும். அவர் கண்டிப்பாக ஒன்று சொன்னார்: கட்டடம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக் கூடியதை நம் கணக்கில் ஏற்றக் கூடாது. சரி என்று ஒப்புக்கொண்டோம். திறந்து ஒரு வருடம் கழித்து அதே 212 வீடுகளுக்கும் போய் அதே கேள்விகளைக் கேட்போம். என்ன பதில் வந்தாலும் கோயில் வாசலில் ஒட்டுவோம்.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள் 43 பேர் மாதாமாதம் தவறாமல் அனுப்பினார்கள். மூன்றாம் தெரு இட்லிக்கடை அப்பத்தா உண்டியலை உடைத்து 8,200 ரூபாயைச் சில்லறையாகவே கொண்டுவந்து கொட்டினார்; எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தார்கள். மணல் அடித்த டிராக்டர்காரர் டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். மகள் கல்யாணச் செலவில் குறைத்து 50,000 கொடுத்த குடும்பம் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இவர்கள் எல்லோரையும் நம் அய்யனார் காக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தருகிறோம் என்று பூமி பூஜையன்று கை தூக்கிய 38 வீடுகளிலிருந்து இன்னும் ஒரு ரூபாய் வரவில்லை. அதில் வசதியான வீடுகளும் உண்டு. புர்கினா பாசோவின் காண்டோ கிராமத்தில் பிறந்த பிரான்சிஸ் கெரே, பெர்லினில் மாணவராக இருந்தபோதே பணம் திரட்டித் தன் ஊருக்குப் பள்ளி கட்டினார். ஊர்க்காரர்களும் சேர்ந்து உழைத்தார்கள், 2001இல் பள்ளி எழுந்தது. 2022இல் கட்டடக் கலைக்கான பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு அவரைத் தேடி வந்தது. படிக்கிற பையனால் முடிந்தது, மாடி மேல் மாடி கட்டிப் பூட்டி வைத்திருக்கும் நம்மால் முடியாதா? அப்பத்தாவின் சில்லறைக்கு முன்னால் நாம் என்ன பதில் சொல்வது?

ஒரு சதுர அடி ஆத்தங்குடிக் கல் பதிக்க 110 ரூபாய். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் கூலி 1,750. முடிந்ததைக் கொடுங்கள், பணமாக முடியாவிட்டால் கூரை போடும் நாளில் ஓர் ஆள் வரட்டும், அதையும் நோட்டில் ஏற்றுவோம். பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்கு விவரம் பழைய ரசீதின் பின்பக்கம் இருக்கிறது. ஆவணி கடைசி ஞாயிறு காலை 10 மணிக்குக் கோயில் மண்டபத்தில் மூன்று நோட்டுகளும் விரித்து வைக்கப்படும்: கூலி, சாமான், நன்கொடை. யாரும் வந்து பார்க்கலாம்.

படிப்பகக் கட்டடக் குழுவினர்