பட்டறை போடப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

புனேயில் பைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கோவைக்கே வந்து, ஆளுக்கேற்ப பைக்கை மாற்றிக் கொடுக்கிற கஸ்டம் பட்டறை போடப் போகிறேன் என்று நீ எழுதியதை அம்மாவும் நானும் படித்தோம். என் பட்டறையில் சேராமல் தனியாகத்தான் என்பதிலும் உறுதியாக இருக்கிறாய். அம்மாவுக்குக் கொஞ்சம் கலக்கம். எனக்குச் சந்தோஷம். ஆனால் மாதிரிக்கு என்று நீ அனுப்பிய படங்களில் முக்கால்வாசி, வண்டியின் எலும்புக்கூடான சேஸிஸின் பின்பக்கத்தை வெட்டி ஒற்றை சீட் போட்ட வண்டிகள். போனில் பேசினால் பாதியிலேயே வாதம் ஆகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

எதைச் செய்ய மாட்டாய் என்பதை முதலில் முடிவு செய். கதவைத் திறந்த மறுநாளே வெட்டச் சொல்லி ஆள் வருவான், கையில் பணத்தோடு. அவனைத் திருப்பி அனுப்ப உனக்கு மனசு வர வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை நீ ஒரு முறை முழுதாகப் படி. வண்டியைச் செய்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் வண்டிக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி எதையும் மாற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 182ஏ பிரிவைப் புதிதாக மாற்றி எழுதினார்கள். அதன்படி விதி மீறி மாற்றிய வண்டியின் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், இருக்கை 2 என்று இருக்கிற வண்டிக்கு நீ ஒற்றை சீட் போட்டால், மாட்டப்போவது உன்னை நம்பி வண்டியை விட்டவர். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான். நிறம் மாற்றினால் ஆர்சியில் ஏற்றிக் கொடு. என்ஜின் மாற்றச் சொன்னால் ஆர்டிஓ அனுமதி இல்லாமல் தொடாதே.

சட்டத்தை விடு, வண்டியையே எடுத்துக்கொள். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கை நீட்டினால் ரேக் (ஹேண்டில் திரும்பும் அச்சின் சாய்வு) கூடுகிறது, டிரெயிலும் (அந்த அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடுகிறது. நேர் ரோட்டில் அருமையாகப் போகும், காந்திபுரம் சிக்னலில் திருப்பும்போது கை வலிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் டிரெயில் குறைந்து, வேகத்தில் ஹேண்டில் படபடக்கும். இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், கணக்குப் போட்டே காட்டுவாய். ஆனால் கம்பெனியில் நீ போட்ட கணக்கைச் சோதித்துப் பார்க்க ஒரு கூட்டமே இருந்தது. இங்கே வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல் விடுமா என்று பார்க்கப் போவது ஓட்டுகிறவன் மட்டும்தான்.

சரி, அப்புறம் கஸ்டம் என்று என்னதான் செய்வது? நிறைய இருக்கிறது. சீட்டின் நுரையை ஆளுக்கேற்ப வெட்டித் தைக்கலாம். ஹேண்டில், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் ஓட்டுகிறவரின் முதுகுக்கும் முழங்காலுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சரி செய்யலாம். ஷாக் அப்சார்பரை அவர் எடைக்குச் செட் பண்ணலாம். டேங்கில் கோடு போடுகிற வேலைக்கு நம் ஊர் பெயிண்டர்களிடம் இருக்கிற கை வேறெங்கும் இல்லை என்றே நினைக்கிறேன். வயரிங்கில்தான் நான் பிடிவாதக்காரன். பவுடர் கோட்டிங் அடித்த சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டாமல் எர்த் போல்ட்டை முடுக்கிவிட்டு, ஹெட்லைட் ஏன் மங்குகிறது என்று பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோட்டிங்குக்கு அனுப்பும்போது பேரிங் கப், என்ஜின் மவுண்ட், மரை எல்லாவற்றையும் மறைத்து அனுப்பு. சேஸிஸ் நம்பரைக் கட்டாயம் மறை. அது படிக்க முடியாமல் போனால் ஆர்சியைப் புதுப்பிக்கப் போய் நிற்க முடியாது.

பழைய புல்லட்டைக் கைவிடாதே, வாடகை அதில்தான் வரும். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், வலது காலில் கியர் இருக்கிற அந்த வார்ப்பிரும்பு என்ஜின் இன்னும் எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கிறது. அப்பாவின் வண்டி, தாத்தாவின் வண்டி என்று கொண்டுவருகிறவர்கள் புதுசாக ஒன்றும் கேட்க மாட்டார்கள், பழையபடி ஓடினால் போதும். தீப்பொறி வரவைக்கிற பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கட்டும். வால்வைத் தள்ளுகிற டேப்பட்டின் இடைவெளியை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார். கம்ப்ரஷனில் பிஸ்டன் மேலே நிற்கையில் டேப்பட்டின் மேல் நிற்கிற புஷ்ராடு, விரலால் திருப்பினால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த இரண்டையும் பொறுமையாகச் செய்தாலே பாதி வண்டி ஒரே உதையில் எழுந்துவிடும். என்னைக் கேட்டால், மினுமினுக்கிற புது வண்டியைவிட இப்படி ஒன்றை எழுப்பிக் கொடுப்பதுதான் பெரிய வேலை.

ஊர் கோவை என்றாயே, அதில் எனக்கு முழுச் சம்மதம். பம்புசெட்டுக்காகவும் மில்லுக்காகவும் வளர்ந்த லேத் பட்டறைகள் கணபதியிலும் பீளமேட்டிலும் இருக்கின்றன. எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரே ஒரு புஷ்ஷைக் கடைந்து தரச் சொல்லிப் போய் நின்றால், இது ஒரு வேலையா என்று கேட்காமல் செய்து தருவார்கள். வரைபடம் கொண்டுபோ, அளவோடு டாலரன்ஸையும், அதாவது எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதையும், எழுது. காசை அன்றைக்கே கொடுத்துவிடு, பாக்கி வைக்காதே.

பணம். வண்டியை இறக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, என்னென்ன வேலை, எவ்வளவு, எப்போது என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. சாமான் வாங்கும் அளவுக்கு முன்பணம் வாங்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதே. நடுவில் வந்து ‘இதையும் கொஞ்சம் பண்ணிடுங்க’ என்பார்கள். அப்போது மறுபடி எழுது, மறுபடி கையெழுத்து வாங்கு. தெரிந்தவர் என்றால் இன்னும் கவனமாக எழுது. என்ஜினின் அடிக்கூடான கிரேங்க்கேஸைப் பழசாக எந்த ஊரில் வாங்கினாலும் பில்லோடு வாங்கு, அதில் என்ஜின் நம்பர் இருக்கிறது.

இன்னொன்று. வருகிறவர்களில் சிலர் உன்னைப் பார்த்துவிட்டு ‘மெக்கானிக் எங்கம்மா?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என் காதில் விழாத தூரத்தில் நீ இருப்பாய் என்பதை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. நீ பதில் சொல்ல வேண்டாம், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி வேலையை ஆரம்பி. உன் வேலையின் சுத்தம் எனக்குத் தெரியும். என் பட்டறையில் பழகிய பையன்களில் யாருக்கும் அது வரவில்லை.

கணபதியில் பார்த்து வைத்திருக்கிறாயே, அந்த இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் த்ரீ ஃபேஸ் லைன் இருக்கிறதா என்று கேள். வெல்டிங், கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்றும் நேரில் போய்ப் பேசு. அக்ரிமென்ட்டைக் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பு. என் பழைய பெஞ்ச் வைஸும் புல்லர் செட்டும் உனக்குத்தான், எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா