சித்தப்பாவுக்கு, பிளேட் அறையிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் சித்தியும் பாட்டியும் நலம்தானே? போன வாரம் போனில் கேட்டீர்களே, பட்டாசுப் பெட்டிக்கும் பேப்பர் பைக்கும் வெளியில் ஸ்டீரியோ, அதாவது அச்சடிக்கிற பிளேட், செய்து வாங்குவதற்குப் பதிலாக நாமே ஒரு பிளேட் யூனிட் போட்டுவிட்டால் என்ன என்று. அன்று லைன் சரியில்லை, பாதிதான் கேட்டிருக்கும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் ஊர்க்கதையும் வரும், அது சித்திக்கு. சித்தியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், நான் இங்கே கட்சிக்காரர்கள் வைக்கிற ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கவில்லை. ரொட்டி கவர், பால் பொருள் உறை, அட்டைப்பெட்டி இதெல்லாம் அச்சாகிற பாலிமர் பிளேட்டைச் செய்கிறேன், ரப்பர் மாதிரி வளைகிற பிளேட்டால் அச்சடிக்கிற அந்த முறைக்கு ஃப்ளெக்ஸோ என்று பெயர். அச்சடிப்பது வேறு ஆட்கள்.

நான் இருப்பது ஜெர்மனியில் மன்ஹைம். ரைன் ஆற்றைத் தாண்டினால் லுட்விக்ஸ்ஹாஃபென், அங்கேதான் பிஏஎஸ்எஃப் என்ற கெமிக்கல் கம்பெனியின் தொழிற்சாலை. டிராமில் பாலத்தைக் கடக்கும்போது பார்த்தால் முடிவே இல்லாமல் குழாயும் புகைபோக்கியுமாகப் போகிறது. நைலோஃப்ளெக்ஸ் என்ற பிளேட் அவர்கள் கொண்டுவந்ததுதான், பிற்பாடு அந்தப் பிரிவையே விற்றுவிட்டார்கள். பக்கத்தில் ஹைடல்பெர்க்கும் இருக்கிறது. உங்கள் ஆபீஸ் காலண்டரில் ஒட்டாத குறையாக நீங்கள் கும்பிடுகிற அச்சு மெஷின் கம்பெனியின் ஊர். வருகிறவர்கள் எல்லோரும் மலை மேல் இருக்கிற கோட்டையைப் பார்க்க வருகிறார்கள், மெஷினைப் பற்றிப் பேசுவது நான் மட்டும்தான்.

சரி, பிளேட்டுக்கு வருகிறேன். கச்சா பிளேட் என்பது தேன் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு தகடு. அடியில் பாலியெஸ்டர், நடுவில் பாலிமர், மேலே கறுப்பாக ஒரு மெல்லிய பூச்சு. அந்தப் பாலிமர் மேல் புற ஊதா ஒளி பட்டால் உள்ளே இருக்கிற சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கரையாமல் நின்றுவிடும், ஒளி படாத இடம் கரைந்து போகும். தத்துவம் இவ்வளவுதான். உங்கள் காலத்தில் நெகட்டிவ் ஃபிலிமை பிளேட் மேல் வைத்து வாக்குவம் போட்டு ஒளி காட்டினீர்கள் அல்லவா, இங்கே ஃபிலிமே கிடையாது. அந்தக் கறுப்புப் பூச்சை லேசர் எரித்து எடுக்கிறது. எரிந்த இடம் ஜன்னல், எரியாத இடம் சுவர்.

ஆனால் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று: முதல் ஒளி மேலிருந்து கொடுப்பதில்லை, பிளேட்டின் முதுகுப் பக்கம் கொடுக்கிறோம். பாலியெஸ்டர் வழியாகச் சில விநாடிகள், பிளேட் தடிமனைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம். அடிப்பகுதி அதில் இறுகித் தரையாகிவிடும். அந்தத் தரை இல்லாவிட்டால் மேலே செய்கிற சின்ன டாட், அதாவது படத்தை உண்டாக்குகிற புள்ளி, எல்லாம் கழுவும்போது வேரில்லாமல் போய்விடும். தரை உயரமாகிவிட்டாலோ பள்ளம் பற்றாமல் மை உள்ளே இறங்கி எழுத்து அடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் மேலிருந்து முக்கிய ஒளி, அது பல நிமிடம் ஓடும். அலைநீளம் 365 நானோமீட்டர் அக்கம்பக்கம்.

இதில் காற்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஒளி பட்டு பாலிமர் பின்னத் தொடங்கும்போது காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் நடுவில் புகுந்து அதைத் தடுக்கும். டாட்டின் ஓரம் இறுகாமல் போய், உச்சி உருண்டையாகி, கம்ப்யூட்டர் ஃபைலில் இருந்ததைவிடச் சின்னதாக வரும். நுணுக்கமான வேலைக்கு உச்சி தட்டையாக வேண்டும் என்றால் ஆக்ஸிஜனை விலக்க வேண்டும், மேலே ஒரு ஃபிலிம் ஒட்டியோ நைட்ரஜன் விட்டோ. பெட்டிக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால் பேப்பர் பையில் ஸ்வீட் ஸ்டால்காரர் அவர் படத்தைப் போடச் சொன்னால் தேவைப்படும், போடச் சொல்வார்.

இந்த அறை முழுக்க மஞ்சள் விளக்கு. ஜன்னலில் புற ஊதாவைத் தடுக்கிற ஃபிலிம். குளிர்காலத்தில் நான் வேலைக்குப் போகும்போது இருட்டு, வரும்போதும் இருட்டு, நடுவில் மஞ்சள். டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் போய்விடும், முகத்தில் வெயில் படுவது சனி ஞாயிறுதான். ஆனால் ஜூனில் ராத்திரி ஒன்பதரைக்கு வெளிச்சம் இருக்கும், பாட்டியிடம் சொன்னால் நம்ப மாட்டார். வேலை நேரம் முடிந்தால் முடிந்ததுதான். நம் பக்கம் தீபாவளிக்கு முன்னால் ஆள் ராத்திரி பகல் பார்க்காமல் நிற்கிற மாதிரி இங்கே யாரும் நிற்க மாட்டார்கள். அவசர ஜாப் என்று கஸ்டமர் கத்தினாலும் எங்கள் மைஸ்டர், அதாவது தலைமைத் தொழிலாளி, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். முதலில் எனக்குக் கோபம் வந்தது, இப்போது நானும் கிளம்பிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடி. தெருவில் வைத்திருக்கிற தொட்டியில் கண்ணாடி பாட்டில்கூடப் போடக்கூடாது, சத்தம் வருமாம். பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரும், அதனால் காலி பாட்டிலை யாரும் தூக்கி எறிவதில்லை. கறிவேப்பிலை ஈழத்தமிழர் கடையில் கிடைக்கிறது. அவர்கள் கட்டிய பெரிய அம்மன் கோயில் ஒன்று ஹாம் என்ற ஊரில் இருக்கிறது, ரயிலில் தூரம், தேருக்குப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இப்போது உங்களுக்கு முக்கியமான இடம். விற்பனைக்கு வருகிற ஆள் ஒளி கொடுக்கிற எக்ஸ்போஷர் யூனிட்டைத்தான் திறந்து காட்டுவார், டியூப் எரிகிறதைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். கஷ்டம் அதில் இல்லை, கழுவுவதிலும் காயவைப்பதிலும்தான். கரையாத பாலிமரை விட்டுவிட்டு மற்றதைக் கரைக்க ஒரு கரைப்பான் ஊற்றி பிரஷ் ஓட்டுகிறோம். முன்பு பெர்க்ளோரோஎத்திலீன் போட்டார்கள், உடம்புக்கு ஆகாது என்று இப்போது வேறு கலவைகள், சிலவற்றில் ஆரஞ்சுத் தோல் வாசம்கூட வரும். வாசம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது, தீப்பிடிக்கும் திரவம் அது. அதற்கென்று காற்றை இழுக்கிற குழாய், பொறி வராத வயரிங், பயன்படுத்தியதை மறுபடி வடித்தெடுக்கிற மெஷின் எல்லாம் வேண்டும். பின்பக்கம் பட்டாசுக் கிட்டங்கி இருக்கிற நம் தெருவில் இதை வைக்க எனக்கு மனசே வராது, உங்களுக்கு லைசென்ஸ் கிடைத்தாலும்.

கழுவி எடுத்த பிளேட் கரைப்பானைக் குடித்து ஊதி இருக்கும். 60 டிகிரி அடுப்பில் குறைந்தது 2 மணி நேரம், பெட்டிக்குப் போடுகிற 3.94 மி.மீ. மாதிரி தடிமன் என்றால் இன்னும் கூடும். சீக்கிரம் ஆகட்டும் என்று சூட்டை ஏற்றினால் அடியில் இருக்கிற பாலியெஸ்டர் சுருங்கி நாலு கலரும் நாலு பக்கம் போகும். எடுத்தவுடன் கொடுக்கவும் முடியாது, ராத்திரி முழுக்க ஆற வேண்டும், அப்போதுதான் பழைய தடிமனுக்குத் திரும்பும். அப்புறம் 254 நானோமீட்டர் ஒளியில் பிசுபிசுப்பு போக ஒரு முறை, மறுபடி அந்த 365 ஒளியிலேயே ஒரு முறை. முடிந்த பிளேட்டை மைஸ்டர் மைக்ரோமீட்டர் வைத்து நான்கு மூலையும் நடுவும் அளப்பார். மெல்லிய பிளேட்டில் 0.02 மி.மீ. மாறினாலே திட்டுத்திட்டாக அடிக்கும். மெஷின்மேன் இம்ப்ரெஷனை, அதாவது அழுத்தத்தை, கூட்டிச் சமாளிப்பார், டாட் எல்லாம் நசுங்கும், பழி மைக்குப் போகும். இந்த நாடகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

தண்ணீரில் கழுவுகிற பிளேட்டும் இருக்கிறது, ஜப்பான்காரர்கள் அதில் முன்னால் இருக்கிறார்கள். இன்னொரு வகையில் கரைப்பானே இல்லை, பிளேட்டைச் சூடாக்கி இளகினதைத் துணியில் ஒற்றி எடுத்துவிடுவார்கள், காயவைக்கிற வேலை மிச்சம், ஆனால் துணி ரோல் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். என்றைக்காவது போடத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் வகையைப் பாருங்கள். கழுவின தண்ணீரைச் சாக்கடையில் விட முடியாது என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஜாப் கணக்கு. பெட்டிக்கு வேண்டியது தடிமனான, மெத்தென்ற பிளேட், அட்டையின் மேடு பள்ளத்துக்குப் பொருந்த. பைக்கு வேண்டியது 1.14 அல்லது 1.70 மி.மீ., கெட்டியானது. இரண்டுக்கும் ஒளி நேரம், கழுவும் நேரம், காய்கிற நேரம் எல்லாம் வேறு. வாரத்துக்கு நாலு செட் பிளேட்டுக்காக இதையெல்லாம் வாங்கி வைத்தால் கரைப்பான் சும்மா கிடக்கும், டியூப் வயதாகும், டியூப் மங்குவது கண்ணுக்குத் தெரியாது, மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும். பிளாஸ்டிக் கவர் பக்கம் போகலாமா என்றும் கேட்டீர்கள். அங்கே நம் நாட்டில் கிராவ்யூர்காரர்கள்தான் ராஜா, செம்பு சிலிண்டர் செதுக்கி லட்சக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சின்ன ஆர்டர் மட்டும் அவர்களுக்குக் கட்டாது, உங்களுக்கு வழி அந்தச் சின்ன ஆர்டரில்தான்.

யூனிட் வாங்குகிற பணத்தில் பாதி வேண்டாம், கால் பங்கை கம்ப்யூட்டர் ஃபைல் வேலைப் பக்கம் போடுங்கள் என்பேன். பிளேட்டை சிலிண்டரில் சுற்றும்போது மேற்புறம் நீளும், அதற்குத் தக்கபடி ஆர்ட்வொர்க்கை முன்னாலேயே குறுக்க வேண்டும். 1.70 பிளேட்டில் பாலியெஸ்டர் 0.18 போனால் 1.52, அதை 2π-ஆல், அதாவது இரண்டு தடவை 3.14-ஆல், பெருக்கினால் சுமார் 9.55 மி.மீ. 400 மி.மீ. சுற்று ஜாப் என்றால் 390.45க்குச் சுருக்கித்தான் பிளேட் செய்ய வேண்டும். போன தடவை வந்த பெட்டியில் வட்டமான முத்திரை முட்டையாக இருந்தது என்றீர்களே, இந்தக் கணக்கை யாரோ போடவில்லை, அல்லது வேறு தடிமனுக்குப் போட்டிருக்கிறார்கள். வேறு யூனிட் வாங்கினாலும் அது முட்டையாகத்தான் வரும்.

சித்திக்கு ஒரு கதை பாக்கி. மைன்ஸ் என்பது அச்சுக்கலையின் முன்னோடி குட்டன்பெர்க் பிறந்த ஊர், இங்கிருந்து பக்கம்தான். ஜூனில் அங்கே திருவிழா. அச்சுத் தொழில் படித்து முடித்த பையன்களையும் பெண்களையும் எல்லோர் முன்னாலும் பிடித்துத் தூக்கி, ஈரப் பஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். கவுட்ஷன் என்று பெயர். பயிற்சிக் காலத்துத் தப்பெல்லாம் அதோடு கழுவிப் போயிற்றாம், சான்றிதழ் வேறு கொடுக்கிறார்கள். உங்கள் கடையில் கட்டிங் மெஷின் பழகுகிற தம்பியை நினைத்துக்கொண்டேன், ஆனால் நம் ஊரில் அதற்குத் தண்ணீர் லாரி சொல்ல வேண்டும்.

இப்போதைக்கு ஸ்டீரியோவை வெளியிலேயே வாங்குங்கள். வந்தவுடன் மைக்ரோமீட்டர் போடுங்கள், ஓட்டி முடித்ததும் மையைத் துடைத்து, வெயில் படாமல், வளைக்காமல் தட்டையாக வையுங்கள். பிளாஸ்டிக்கில் மை ஒட்டுவதற்காக மின்சாரம் பாய்ச்சுகிற கொரோனா டிரீட்டர் பக்கம் வைக்க வேண்டாம், அதிலிருந்து வருகிற ஓசோன் பிளேட்டில் விரிசல் விழ வைக்கும். பெட்டி மெஷினின் சிலிண்டர் சுற்றளவு, இப்போது போடுகிற பிளேட் தடிமன், பிளேட்டை சிலிண்டரில் ஒட்டுகிற டேப்பின் தடிமன் மூன்றையும் தம்பியிடம் அளக்கச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். டேப்பை அளக்காமல் விட்டுவிடப் போகிறான், அதைச் சேர்த்தால்தான் சுற்றளவுக் கணக்கு சரியாக வரும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்