கொம்மூனியோ: ஒன்றாதலா, பங்காதலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் திருவிருந்தைப் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் திருவிருந்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான 'கொம்மூனியோ'வைப் பிரித்து, 'கொம்' என்றால் உடன், 'ஊனியோ' என்றால் ஒன்றாதல், ஆகவே 'கொம்மூனியோ' என்றால் எல்லாரும் கலந்து ஒன்றாகிவிடுவது என்று அதில் சொல்லியிருந்ததை ஏற்க முடியவில்லை. மறையுரைகளில் காலங்காலமாகக் கேட்டுவரும் விளக்கம்தான். காதுக்கு இனிக்கிறது, இலத்தீன் இலக்கணத்துக்குத்தான் ஒத்துவரவில்லை. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது 'கொம்' பெரும்பாலும் மகரத்தை இழந்து 'கோ' ஆகிவிடும். 'கொம்மூனியோ'வில் மகரம் இரட்டித்து நிற்பதற்குக் காரணம், பின்னால் வரும் சொல்லும் மகரத்தில் தொடங்குவதுதான். அந்தச் சொல் 'மூனுஸ்'.

மூனுஸ் என்றால் கடமை. கொடை என்றும் பொருள். இரண்டும் ஒரே சொல்லுக்குள் எப்படி அடங்கும் என்று கேட்பவர்கள் நம் ஊர்ச் செய்முறையை நினைத்துக்கொள்ளலாம். தாய்மாமன் சீர் கொடைதான், ஆனால் கொடுக்காமல் இருந்துவிட முடியுமா? ரோமில் பதவிக்கு வந்தவர் ஊருக்காக நடத்திவைத்த வாள்வீரர் காட்சிக்கும் மூனுஸ் என்றுதான் பெயர். இத்தகைய சுமையிலிருந்து விலக்குப் பெற்றவன் 'இம்மூனிஸ்'. மருத்துவர்கள் இன்று சொல்லும் 'இம்யூனிட்டி' அங்கிருந்து வந்ததே. சுமையைச் சேர்ந்து ஏற்பது 'கொம்மூனிஸ்'. அதன் பெயர்ச்சொல் கொம்மூனியோ.

உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குகளோடு காலம் கழித்தவன் நான். அதனாலோ என்னவோ, இந்தச் சொற்களைப் பார்க்கும்போதெல்லாம் பலிபீடத்தைவிட முதலில் பத்திரக்கட்டுதான் கண்ணில் படுகிறது. ரோமானியச் சட்டத்தில் கொம்மூனியோ என்பது பிரிபடாத பொதுச்சொத்து. இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள பொதுச்சுவர்கூட அங்கே வழக்குக்கு வரும். பொதுவில் இருக்க விரும்பாதவனைக் கட்டிப்போட முடியாது. பிரித்துக் கொடு என்று கேட்கத் தனி வழக்கு முறையே இருந்தது. யுஸ்தினியான் பேரரசர் கி.பி. 533இல் வெளியிட்ட டைஜஸ்ட் என்னும் சட்டத் தொகுப்பின் பத்தாம் நூலில் அதற்கென ஒரு தலைப்பைக் காணலாம்.

'சொசியேத்தாஸ்' அதன் அடுத்த வீடு. தோழமை என்று அழகாக மொழிபெயர்க்கிறோம். வழக்குமன்றத்தில் அது கூட்டு வாணிபம். லாபமெல்லாம் ஒருவனுக்கு, நட்டமெல்லாம் மற்றவனுக்கு என்று எழுதிக்கொண்டால் அந்தக் கூட்டு செல்லாது. அதற்குச் 'சிங்கக் கூட்டு' என்று காஸ்ஸியுஸ் பெயர் வைத்ததாக உல்பியான் எழுதுகிறார். இருவரும் ரோமானியச் சட்ட அறிஞர்கள். கூட்டாளிகளில் ஒருவர் இறந்தால் கூட்டும் கலைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கொன்சோர்ஸ்'. 'சோர்ஸ்' என்றால் குலுக்கல் சீட்டு, சீட்டில் விழுந்த பங்கு. தந்தை இறந்தபின் சொத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்ட சகோதரர்களின் பழைய கூட்டுக்குக் 'கொன்சோர்சியும்' என்று பெயர். 2ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் காயுஸ் அதை விளக்கிய பகுதி நெடுங்காலம் யாருக்கும் தெரியாமலே கிடந்தது. எகிப்திலிருந்து வந்த சில துண்டு ஏடுகள் வழியாக 1933இல்தான் வெளிவந்தது. கொன்சோர்ஸ் என்பதற்குத் தமிழில் 'பங்காளி'யைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பங்காளிக் காய்ச்சலும் சேர்ந்தே வரும் என்பது வேறு விஷயம்.

திருச்சபை இந்தச் சொற்களைத்தான் எடுத்துக்கொண்டது. கிரேக்கத்தில் 'கொய்னோனியா'வோ அதே வேரில் பிறந்த சொல்லோ நிற்கும் இடங்களில் வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியம் சொல்லை மாற்றி மாற்றிப் போடுகிறது. 1 கொரிந்தியர் 10:16இல் கிண்ணத்துக்கு 'கொம்மூனிகாத்சியோ', அதே வசனத்தில் அப்பத்துக்கு 'பார்த்திசிபாத்சியோ', அதாவது பங்கு எடுத்துக்கொள்வது. 1 யோவான் 1:3இல் சொசியேத்தாஸ். 2 பேதுரு 1:4இலோ நாம் இறை இயல்பின் 'கொன்சோர்த்தெஸ்', பங்காளிகள்! தண்ணீரை இரசத்தில் கலக்கும்போது குருவானவர் மெதுவாகச் சொல்லும் பழைய இலத்தீன் செபத்திலும் இந்தச் சொல்லே இருக்கிறது.

நம் பழைய தமிழ் விவிலியம் கொரிந்தியர் வசனத்தில் இரண்டு இடத்திலும் 'ஐக்கியம்' என்றது. ஐக்கியம் 'ஏக'த்திலிருந்து வருவது, ஒன்றாதல்தான் அதன் பொருள். கட்டுரையாளரின் விளக்கம் நம்மிடம் இவ்வளவு எளிதாக எடுபடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கத்தோலிக்கரின் பழைய விசுவாசப் பிரமாணம் வேறு வழியில் போனது: 'அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை விசுவசிக்கிறேன்.' அதாவது, புனிதர்களின் பொதுவான பயனை நம்புகிறேன். சொல்லும்போது நாக்கு சுளுக்கும், ஆனாலும் 'பிரயோசனம்' என்று போட்டவருக்கு இலத்தீன் நன்றாகவே தெரிந்திருக்கிறது. சேர்ந்திருப்பது மட்டும் போதாது, எல்லாருக்கும் போய்ச்சேரும் பயன் ஒன்று இருக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறார். இன்று சொல்லும் 'சமூக உறவு' எளிமையானதுதான். பயனை மட்டும் தொலைத்துவிட்டது.

ரோமானிய ஆட்சியாளர்களுக்கு இந்தப் 'பொது' எவ்வளவு அச்சமூட்டியது என்பதற்கும் சான்று உண்டு. கி.மு. 186இல் பாக்கஸ் தெய்வத்தின் வழிபாட்டுக் குழுக்களை ஒடுக்க செனட் ஆணை போட்டது. அந்த ஆணை பொறித்த வெண்கலப் பலகை இத்தாலியின் தென்கோடியில், திரியோலோவில் 1640இல் கிடைத்தது. இப்போது வியன்னாவில் இருக்கிறது. ஐந்து பேருக்கு மேல் வழிபாட்டுக்குக் கூடக் கூடாது. மீறிக் கூடுவதானால் அனுமதி வாங்க வேண்டும். அவர்களில் எவரும் பொதுப்பணம் வைத்துக்கொள்ளவும் கூடாது. பொது என்ற சொல் அதில் 'கொமோய்னெம்' என்று பழைய எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. வெறும் மன ஒற்றுமையை ஒடுக்க நினைத்தவர்கள் உண்டியலைத் தடைசெய்திருக்க மாட்டார்கள்.

கட்டுரை தொடரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் திருத்தூதர் பணிகள் 4:32, அதாவது நம்பிக்கை கொண்டோருக்கு எல்லாம் பொதுவாய் இருந்தன என்ற வசனம், கட்டாயம் வரும். அதை எடுக்கும்போது 10:15ஐயும் எடுக்கச் சொல்லுங்கள். முன்னதில் பொதுச்சொத்தைக் குறித்த அதே 'கொம்மூனிஸ்', பின்னதில் பேதுரு தொடத் தயங்கிய தீட்டைக் குறிக்கிறது. ஒரே நூலுக்குள் இந்த இரண்டு பொருளும் வருவதைக் கட்டுரையாளர் எப்படி விளக்குகிறார் என்று படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்,
தூத்துக்குடி