சம்பளத்தை விடுங்கள், ஆட்டத்தைப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலின் 2024 சீசன் என்றாலே பலரும், பந்து வீச்சிலும் மட்டையிலும் வல்லவரான லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஷோஹெய் ஓடானியின் 70 கோடி டாலர் ஒப்பந்தத்தைத்தான் பேசுகிறார்கள். பேச வேண்டியது அவருடைய ஆட்டம். முழங்கை அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு முழுக்க அவர் பந்து வீசவில்லை. மட்டையையும் கால்களையும் நம்பி 54 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலியைத் தாண்டும் அடி) அடித்தார், 59 பேஸ் திருடினார் (அடி இல்லாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தார்). ஒரே சீசனில் இரண்டிலும் 50-ஐத் தொட்டவர் அதற்கு முன் யாருமில்லை. செப்டம்பர் 19 அன்று மயாமியில் அந்த எல்லையைத் தாண்டிய விதம் இன்னும் அபாரம்: ஆறு முறை மட்டை பிடித்து ஆறும் ஹிட் (அவுட் ஆகாமல் தளத்தை எட்டும் அடி), அதில் மூன்று ஹோம் ரன். கூடவே இரண்டு திருட்டு.

நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரோன் ஜட்ஜ் அடித்த 58 ஹோம் ரன்னும் சாதாரணமல்ல. ஆனாலும் என் மனதில் முதலிடம் டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமனுக்குத்தான். சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரில் யாங்கீஸுடன் முதல் ஆட்டம், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 10-வது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் தளத்துக்கு நடக்கவிட்டு, கணுக்கால் சுளுக்கோடு ஆடிக்கொண்டிருந்த ஃப்ரீமனுக்கு யாங்கீஸ் பந்து வீசியது. முதல் பந்தே வேலியைத் தாண்டியது. மூன்று தளங்களிலும் ஆட்கள் இருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்னான கிராண்ட் ஸ்லாமால் ஓர் ஆட்டம் முடிந்தது உலகத் தொடர் வரலாற்றில் அதுவே முதன்முறை.

இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு நம் விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு வரி போதாது. அடுத்த உலகத் தொடருக்காவது கால் பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன்.

- வாசகர், கோவை