'இடையிடையே' என்பதை வெட்டிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் கடலூர், புதுச்சேரி பக்கத்தில் மீனவர்களுக்கான எச்சரிக்கையை மூன்றே வரியில் போட்டிருந்தீர்கள். மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் காற்று வீசும் என்று இருந்தது. வானிலை ஆய்வு மையம் சொன்னது அதுவல்ல. 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்' என்று சொல்லியிருந்தார்கள். இடம் போதாமல் வெட்டியிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் தேவனாம்பட்டினத்தில் இருக்கிற எங்களுக்கு முக்கியமாக வேண்டியதே அந்த 65தான்.

55 என்பது சராசரி. நம் வானிலை மையம் 3 நிமிடக் காற்றைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. 65 என்பது நடுவில் சில நொடிகள் மட்டும் வந்து அறைந்துவிட்டுப் போகிற காற்று. வித்தியாசம் பத்துதானே என்று தோன்றும், ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளுகிற பலம் நான்கு மடங்காகும், அந்தக் கணக்கில் 55 க்கும் 65 க்கும் நடுவே ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடுகிறது. என் மச்சானுடைய ஃபைபர் படகை உப்பனாற்றில் கட்டிப்போட்டிருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். அரை மணி நேரமாகக் கயிறு விறைப்பதும் தளர்வதுமாக இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரே ஒரு வீச்சு, கயிறு கட்டியிருந்த கொக்கி பலகையோடு பிய்ந்து வந்துவிட்டது. சராசரியை நம்பிக் கட்டிய கட்டு அது.

அடுத்தது திசை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் வந்தபோது, கடலோர வீடு, காற்று கடலிலிருந்துதான் வரும் என்று நினைத்து முதல் நாளே கிழக்குப் பக்க ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்து வைத்திருந்தோம். காற்று வந்ததோ வடமேற்கிலிருந்து, பிறகு மேற்கிலிருந்து! கொல்லைக் கதவு பிடுங்கிக்கொண்டு போனது, ஓடுகள் கடற்கரைப் பக்கம் பறந்து விழுந்தன. நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அது எங்களுக்கு வடக்கே, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை கடந்ததால் எங்களுக்குத் தரைக்காற்று, மையத்துக்கு வடக்கே இருந்தவர்களுக்குக் கடல்காற்று. இதை முந்தின நாள் யாராவது இரண்டு வரியில் எழுதியிருந்தால் பலகையை வேறு பக்கம் அடித்திருப்போம்.

இன்னொன்று, உங்கள் செய்திகளில் சில நாள் 'வடகிழக்கு நோக்கி வீசும்' என்று வருகிறது. காற்றுக்குத் திசை சொல்வது அது புறப்படுகிற இடத்தை வைத்து. வாடை என்றால் வடக்கேயிருந்து வருவது, கொண்டல் என்றால் கிழக்கேயிருந்து வருவது, எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். 'நோக்கி' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. போதாததற்கு செல்போன் செயலிகள் பலவற்றில் அம்புக்குறி காற்று போகிற பக்கம் காட்டும், அதையும் இதையும் சேர்த்துப் பார்ப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? வேகத்திலும் இதே கதைதான், அமெரிக்கக் கணக்கு 1 நிமிடச் சராசரி என்பதால் ஒரே புயலுக்கு அங்கே எண் கூடுதலாக வரும், இரண்டையும் ஒரே செய்தியில் கலந்து போடாதீர்கள்.

தங்கம் விலைக்குத் தினமும் ஒரு கட்டம் ஒதுக்குகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சராசரி வேகம், இடையிடையே வரும் வேகம், எங்கிருந்து வருகிறது என்ற மூன்றை மட்டும் போடுங்கள். முடிந்தால் காலைக்கும் பிற்பகலுக்கும் தனித்தனியாக, ஏனென்றால் கோடையில் காலையில் மேற்கேயிருந்து வரும் மேல்காற்றாக இருப்பது மதியத்துக்குள் கடல்காற்றாகத் திரும்பிவிடும். ஐப்பசி பிறப்பதற்குள் தொடங்கினால் இந்த வருட மழைக்காலத்துக்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.